கறுப்புக் கட்டத்துக்குள் ஸ்லாட்டினா

ஜனவரியில் ஒரு காலை, எட்டு மணிக்கு முன்பே அந்தப் பள்ளிக்குப் போய்விட்டேன். டான்யூப் ஆற்றிலிருந்து எழுந்த பனிமூட்டம் வாசல்வரை வந்திருந்தது. கதவில் வழக்கம்போல அஞ்சலித் தாள்கள். எங்கள் ஊர்களில் ஒருவர் இறந்தால் படம் போட்டு, கறுப்புக் கட்டம் கட்டி, வீட்டுக் கதவிலும் பஸ் நிறுத்தத்திலும் ஒட்டுவோம். அதோடு விடமாட்டோம். நாற்பதாம் நாள், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், வருடம் என்று புதுத் தாள் வந்துகொண்டே இருக்கும். அடியில் ‘துயரில் வாடும்’ என்று போட்டு, அழுகிறவர்களின் பெயர்கள்.

நான் நெவேனா. காவல்துறையில் சிறார் பிரிவு ஆய்வாளர். போனையும் இணையத்தையும் வம்பில் மாட்டாமல், சட்டத்தை மீறாமல் பயன்படுத்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. பதினோரு வருடமாக ஒரே பாட்டு. எனக்கே சலித்துவிட்டது.

“ஆறாம் வகுப்பு பி. இருபத்திரண்டு பேர்,” என்று சொல்லிவிட்டு வகுப்பாசிரியை பெந்சேவா காபி குடிக்கப் போனார்.

நான் எண்ணினேன். இருபத்து மூன்று பேர் இருந்தார்கள்.

கரும்பலகையில் எழுதினேன்: கேட்காமல் படம் எடுக்காதே. எடுத்ததைப் பரப்பாதே. உனக்கு வந்தால் பெரியவர்களிடம் காட்டு.

முன்வரிசையிலிருந்து க்ராசிமிர் என்ற பையன் கை தூக்கினான். “மேடம், பதினாலு வயசு ஆகலைன்னா எங்க மேல கேஸ் போட முடியாதுல்ல?”

“உன் மேல போட முடியாது. உங்க அப்பாவைக் கூப்பிட்டு எதிர்ல உக்கார வைப்பேன். வீட்டுக்கு வந்து அவர் உன்னை என்ன பண்ணுவார்னு நீயே யோசிச்சுக்கோ.”

எல்லாரும் சிரித்தார்கள். சன்னலோரத்தில் பச்சை ஸ்வெட்டர் போட்டிருந்த ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. ஸ்வெட்டரில் ஒரு பொத்தான் இல்லை.

“யாராவது இந்த மாதிரி பண்ணியிருக்கீங்களா?” என்று கேட்டேன். சிரிப்பு நின்றுபோனது. க்ராசிமிர்தான் சொன்னான். அக்டோபரில் ஸ்லாட்டினா காய்ச்சலில் ஒரு வாரம் வரவில்லை. அவள் பள்ளி பஸ்ஸில் தூங்கும்போது எடுத்த படம் ஒன்று அவனிடம் இருந்தது. அதற்குக் கறுப்புக் கட்டம் கட்டி, ‘துயரில் வாடும் 6-பி’ என்று போட்டு, வகுப்புக் குழுவில் அனுப்பியிருக்கிறான்.

“சும்மா தமாஷுக்கு மேடம். அவ அழுதா. அன்னைக்கே அழிச்சுட்டோம்.”

“அப்புறம் என்ன?”

“நாப்பதாம் நாள் திரும்ப வந்துச்சு. நாங்க யாரும் அனுப்பலை.”

அவன் போனை நீட்டினான். இப்போது வந்திருந்தது மூன்றாம் மாதத் தாள். அடியில், அக்டோபரில் யார் யார் அதைப் பகிர்ந்தார்களோ அத்தனை பேரின் பெயரும், வரிசையாக.

படத்தில் அவள் தூங்கவில்லை. பச்சை ஸ்வெட்டர். ஒரு பொத்தான் இல்லை. சன்னலோரம்.

கரும்பலகைப் பக்கமிருந்து எடுத்த படம். அங்கே நான் மட்டும்தான் நின்றிருந்தேன்.

எங்கிருந்தோ வேகவைத்த கோதுமை வாசம் வந்தது. செத்தவர்களுக்காகச் சர்க்கரைத் தூள் தூவி, சின்னக் கப்பில் வைத்துக் கொடுப்போமே, அந்தக் கோதுமை. போனைக் கவிழ்த்து வைத்தேன். நான் பயந்ததைப் பிள்ளைகள் பார்த்துவிடக் கூடாதே என்று இருந்தது.

இடைவேளையில் அந்தப் பெண் தயங்கித் தயங்கி வந்து என் பக்கத்தில் நின்றாள்.

“மேடம், உங்களுக்கு என்னைத் தெரியுதா?”

“ஏம்மா தெரியாம?”

“என் போனுக்கு என் முகம் தெரியலை. கடைக் கதவு எனக்குத் தானா திறக்கிறதில்ல. அம்மா இப்பல்லாம் ரெண்டு தட்டுதான் வைக்கிறா. அவளுக்கு ஒண்ணு, தம்பிக்கு ஒண்ணு. நேத்து என்னை உள்ளே வெச்சுப் பூட்டிட்டுப் போயிட்டா.” குரல் இறங்கிவிட்டது. “ஆறாம் மாசம் வர்றதுக்குள்ள அழிச்சிடுங்க மேடம்.”

“நான் இருக்கேன்ல. பயப்படாதே,” என்றேன்.

எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தேன். இருபத்திரண்டு போன்களையும் வாங்கி, என் கையால் அழித்தேன். குழுவைக் கலைத்தேன். அந்தக் குழு இயங்கிய செயலியின் நிறுவனத்துக்குப் புகார் எழுதினேன். அப்படி ஒரு படமே தங்களிடம் இல்லை என்று பதில் வந்தது.

ஆனால் அழிப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்திருந்தேன். படம் இணைக்காத அறிக்கையை மாவட்ட அலுவலகம் திருப்பி அனுப்பிவிடும். அதனால் க்ராசிமிரின் திரையை என் போனில் படம் எடுத்து, அறிக்கையோடு அனுப்பினேன். அவளிடம் கேட்கவில்லை. அவர்களுக்கு அது நல்ல உதாரணமாகப் பட்டிருக்கிறது. முகத்தைக்கூட மறைக்காமல், நாற்பது பள்ளிகளில் பாடமாகக் காட்டியிருக்கிறார்கள்.

கரும்பலகையில் மூன்று வரி எழுதியவள் நான். மூன்றில் இரண்டை நானே மீறினேன்.

இது தெரிந்தபோது ஏப்ரல் ஆகிவிட்டது. ஆறாம் மாதம் முடிகிற அன்று காரை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

பள்ளிக் கதவில் அவள் படத்தோடு புதுத் தாள். போனில் இல்லை, நிஜத் தாள். பசை இன்னும் ஈரமாக இருந்தது.

வகுப்பில் இருபத்திரண்டு பேர். சன்னலோர மேசையில் ஒரு சின்னக் கப்.

கோதுமை சூடாக இருந்தது.

“ஸ்லாட்டினா எங்கே?” என்றேன்.

“எந்த ஸ்லாட்டினா மேடம்?” என்றான் க்ராசிமிர். கிண்டல் இல்லை.

பெந்சேவா வருகைப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். அந்தப் பெயர் அதில் இல்லை. அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா வாசலில் நின்று நிதானமாகச் சொன்னாள்: “எனக்கு ஒரே பையன்தான் மேடம்.” உள்ளே மேசையில் இரண்டு தட்டுகள் இருந்தன.

திரும்பி வந்து கதவிலிருந்த தாளை ஒழுங்காகப் படித்தேன். அடியில் பிள்ளைகள் பெயர் ஒன்றுகூட இல்லை. துயரில் வாட ஒரே ஒரு பெயர்.

நெவேனா.

மாவட்ட அலுவலகத்தின் பாடத்தில் இப்போது அவள் படம் இருந்த பக்கம் வெறுமையாக இருக்கிறதாம். ஊரில் யாருக்கும் அவளைத் தெரியவில்லை. என் போனில் இருக்கும் ஒரு படம்தான் மிச்சம். அதை வைத்திருந்தால் அக்டோபரில் வருடத்துக்கான தாள் வரும். அழித்தால் அவள் இருந்ததற்கு அடையாளமே இல்லை. எத்தனை ராத்திரி அழிக்கும் பொத்தான்மேல் விரலை வைத்தேன் என்று எனக்கே தெரியாது. அழுத்த முடியவில்லை. நான் இருக்கேன்ல என்று சொன்னவள் ஆயிற்றே.

தனியாக வாழ்கிறவள் நான். இப்போது காலையில் இரண்டு தட்டு வைக்கிறேன். எதிர்த் தட்டுக்குப் பின்னால் போனைச் சாய்த்து, எதிரிலுள்ள காலி நாற்காலியைப் பார்க்க வைக்கிறேன். என் முகத்துக்கு மட்டுமே திறக்கும் போன் அது.

இன்று காலை ரொட்டி எடுக்க அடுப்புப் பக்கம் திரும்பி நின்றேன். பின்னால் போனின் பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது.