பதினேழாம் பெட்டிக்குள் போன் அடிக்கிறது!

போன் அடித்தது.

பெட்டிக்குள் இருந்து!

பூட்டிய இரும்புப் பெட்டி. நாலரை அடி உயரம், கால் டன் எடை. அதற்குள் யாருடைய போனோ விடாமல் அடித்துக்கொண்டிருந்தது...

பெட்டி கம்பெனியின் கூடத்தில் நின்றிருந்த எண்பது தொழிலாளர்களும் சத்தம் வந்த பக்கம் திரும்பினார்கள்.

காலை பத்தே முக்கால். வேலை போகிறவர்களின் பட்டியலை வாசிக்கப் பத்தரைக்கே வந்திருக்க வேண்டிய மனிதரைக் காணோம். கிளார்க் அவருடைய நம்பருக்கு போன் போட்டார். அது அடித்த இடம், லாரி ஏற்றத் தயாராக வரிசையில் நின்ற நாற்பத்திரண்டு புதுப் பெட்டிகளில் ஏதோ ஒன்று!

"ஐயையோ! கத்திரி உள்ள இருக்காரு!"

கத்திரி என்பது எண்பது பேரும் சேர்ந்து அவருக்கு வைத்த பெயர். செலவைக் குறைக்கத் தலைமை ஆபீஸ் அனுப்பிய ஆள். வந்த ஒன்றரை மாதத்தில் டியூப்லைட்டில் பாதியைக் கழற்றினார். வாட்ச்மேன் இருவரையும் வீட்டுக்கு அனுப்பினார். கேன்டீன் டீ டம்ளரை மருந்து குடிக்கிற அளவுக்குச் சிறிதாக்கினார்.

பூட்டக்கா முன்னால் வந்தாள்.

பூட்டு செக்‌ஷனில் இருபத்திரண்டு வருஷம். எந்தப் பூட்டாக இருந்தாலும் அவள் காதை வைத்துக் கேட்டு, 'சரி' என்று சொன்னால்தான் வாசலைத் தாண்டும்.

"யாரும் அசையாதீங்க! கிளார்க் சார், இன்னொரு தடவை போடுங்க!"

ஒவ்வொரு கதவாகக் காதை ஒட்ட வைத்தாள். பத்து... பதினைந்து... பதினாறு...

"இதுதான். பதினேழு!"

இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பட்டியல் வாசிக்கும்போது கலாட்டா வந்துவிடக் கூடாது என்று பந்தோபஸ்துக்கு வந்தவர். 'ஒரு மணி நேர வேலை, முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்' என்றிருந்தார். பாவம்!

"எவன் பண்ணின வேலை இது? கேமரா பதிவை எடுங்க!"

"கேமரா பொம்மை சார்," என்றார் கிளார்க். "நிஜக் கேமராவைப் போன மாசம் கழட்டிட்டாங்க. செலவு."

"வாட்ச்மேனைக் கூப்பிடுங்க!"

"செலவு சார்."

"ஒருத்தர் கூடவா பார்க்கல?"

"பத்து மணிக்கு டீ சார். முன்னெல்லாம் செக்‌ஷன் செக்‌ஷனா போவோம். இப்ப எல்லாருக்கும் சேர்த்து ஒரே பத்து நிமிஷம். அந்த நேரத்துல இங்க ஈ காக்கா இருக்காது."

கூட்டத்தின் பின்னால் இருந்து ஒரு கை உயர்ந்தது. கதவு செக்‌ஷன் சித்தப்பா. யாருக்குச் சித்தப்பா என்று யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் சித்தப்பா!

"சார், ஒண்ணு சொல்லணும்..."

"அப்புறம் சொல்லுங்க! சாவி எங்க?"

சுவரில் சாவிப் பலகை. நாற்பத்திரண்டு கொக்கிகள். நாற்பத்தொரு சாவிகள்.

பதினேழாம் கொக்கி காலி!

"போச்சு!" மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஏசி அறையை விட்டுப் பட்டறைப் பக்கம் அவர் வருவது அபூர்வத்திலும் அபூர்வம். "இது நம்ம கம்பெனி பூட்டு சார்! அந்தச் சாவியைத் தவிர உலகத்துல வேற எதுவும் திறக்காது! கேஸ் கட்டர் பக்கத்து ஊர்ல இருந்து வரணும். எப்படியும் மூணு மணி நேரம்... உள்ள காத்தே போகாது சார்... அதுக்குள்ள அந்த மனுஷன்..."

மேனேஜர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். பட்டறைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பூட்டக்கா நேராகச் சாவிப் பலகைக்குப் போனாள். பலகையில் கைக்கு எட்டிய சாவி ஒன்றை எடுத்தாள். முப்பதாம் நம்பர். பதினேழாம் பெட்டியில் நுழைத்துத் திருப்பினாள்.

க்ளக்!

கதவு திறந்தது...

மடங்கி உட்கார்ந்திருந்த கத்திரி அப்படியே சரிந்து அவள் காலடியில் விழுந்தார். பின்னந்தலையில் ரத்தம்!

யாரோ வீறிட்டார்கள்.

"நர்ஸைக் கூப்பிடுங்க!" என்று கத்தினார் இன்ஸ்பெக்டர்.

"நர்ஸையும் எடுத்துட்டாங்க சார்."

"ஆம்புலன்ஸ்?"

"வித்துட்டாங்க சார்."

"யோவ், இந்த ஃபேக்டரியில மிச்சம் என்னதான்யா இருக்கு?"

"நாங்க எண்பது பேர் இருக்கோம் சார். அதையும் குறைக்கிறதுக்குத்தான் இன்னிக்கு..."

கான்ஸ்டபிள் குனிந்து கத்திரியின் மூக்கருகே விரலை வைத்தார். தலைக்கு மேலே கூடத்தின் ஒரே பெரிய விசிறி தடதடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அவர் விரலில் பட்டதெல்லாம் விசிறிக் காற்றுதான். உதட்டைப் பிதுக்கினார்.

"முடிஞ்சுது சார்."

"சார், ஒண்ணு சொல்லணும்..." சித்தப்பா முன்னால் நகர்ந்தார்.

"கொலை நடந்திருக்கு! குறுக்க பேசாதீங்க!" இன்ஸ்பெக்டர் பூட்டக்கா பக்கம் திரும்பினார். "ஏம்மா, முப்பதாம் நம்பர் சாவி பதினேழை எப்படித் திறக்கும்?"

"போன திங்கட்கிழமையில இருந்து எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவிதான் சார். கத்திரி சார் உத்தரவு. ஒரே அச்சுல அடிச்சா செலவு மிச்சமாம். நம்பர் மட்டும் வேற வேற போடுறோம், வாங்குறவங்க மனசு நோகக் கூடாதுல்ல!"

"அப்ப வாங்குறவங்க கதி?"

"கடவுள்தான் காப்பாத்தணும் சார்."

மேனேஜரின் கைக்குட்டை கண்ணிலிருந்து நெற்றிக்குப் போனது. வியர்வை! ஆனால் அவர் சட்டென்று சமாளித்துக்கொண்டார்.

"சார், நேத்து கேட் மீட்டிங்ல ஒருத்தன் என்ன பேசினான்னு கேளுங்க! 'எங்க வேலையில கை வெச்சா உன்னைப் பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டிடுவேன்'னு கத்தினான்! ஊரே கேட்டுச்சு! அவன் டூல் பாக்ஸைச் சோதனை போடுங்க!"

பூட்டக்கா சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

கத்தியது அவளுடைய தம்பி!

பூட்டு மாட்டுகிறவன். வாய்தான் நீளம், ஒரு எலியைக்கூட அடிக்க மாட்டான். அடுத்த மாதம் அப்பா ஆகப் போகிறவன். அவன் கத்தியதிலும் நியாயம் இருந்தது. இந்த ஊரில் ஐந்து புகைபோக்கிகள் இருந்தன. இப்போது புகைவது இது ஒன்றுதான். விசிறி கம்பெனி இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். சைக்கிள் கம்பெனி இருந்த இடத்தில் எதையுமே நிறுத்துவதில்லை.

கான்ஸ்டபிள் தம்பியின் டூல் பாக்ஸைத் தலைகீழாகக் கவிழ்த்தார். திருப்புளி, அரம், கிரீஸ் டப்பா...

டிங்!

ஒரு சாவி. அதில் பதினேழு என்ற நம்பர்.

"அக்கா! சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா!" தம்பியின் குரல் உடைந்தது. "நான் டீ குடிக்கப் போயிருந்தேன்க்கா! நீயும்தானே பக்கத்துல இருந்தே!"

"அக்கா சாட்சி கோர்ட்ல செல்லாது தம்பி," என்ற இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார். "நட!"

"சார்... ஒரு நிமிஷம்." பூட்டக்கா குறுக்கே வந்து நின்றாள். "நீங்க ஒருத்தரைப் பெட்டிக்குள்ள பூட்டுறீங்கன்னு வைங்க..."

"நான் ஏன்மா பூட்டப் போறேன்?"

"சும்மா வைங்க சார்! யாரும் திறந்துடக் கூடாதுன்னு சாவியை எடுத்து மறைக்கிறீங்க. ஆனா பக்கத்துலயே பலகையில நாப்பத்தொரு சாவி தொங்குது. எல்லாமே அந்தப் பெட்டியைத் திறக்கும். அப்புறம் எதுக்கு சார் இந்த ஒண்ணை மட்டும் எடுக்கணும்?"

இன்ஸ்பெக்டர் யோசித்தார். தொப்பியைக் கழற்றி இன்னும் கொஞ்சம் யோசித்தார்.

"எடுக்க மாட்டேன்."

"என் தம்பியும் எடுக்க மாட்டான் சார்! இந்த ஒரே சாவிப் பூட்டை மாட்டுறதே அவன்தான்! பட்டறையில கூட்டிப் பெருக்குற அம்மாவுக்குக்கூட இது தெரியும். சாவியை எடுத்தவரு விஷயம் தெரியாத ஆள். பட்டறைப் பக்கமே வராத ஆள்!"

எண்பது தலைகள் ஒரே பக்கம் திரும்பின.

மேனேஜர் சிரித்தார். பல் மட்டும்தான் சிரித்தது.

"என்னையா சொல்றே? ஒரே சாவி உத்தரவுல கையெழுத்துப் போட்டதே நான்தான்! எனக்கா தெரியாது?"

"அப்படிங்களா சார்?" பூட்டக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "அப்ப கொஞ்ச நேரம் முன்னாடி, அந்தச் சாவியைத் தவிர உலகத்துல வேற எதுவும் திறக்காதுன்னு ஓலமிட்டது யாரு?"

மேனேஜரின் கை மறுபடியும் கைக்குட்டையைத் தேடியது.

"அது... அது வந்து... கையெழுத்துப் போட்டேன்... படிச்சுப் பார்க்கல..."

கூடம் கொல்லென்று சிரித்தது. தம்பிகூட விலங்குக்கு நீட்டிய கையோடு சிரித்துவிட்டான்!

மேனேஜரின் முகம் சிவந்தது. "சிரிங்கடா, நல்லா சிரிங்க! எனக்குத் தெரியல, சரி! தெரியாததெல்லாம் கொலைக் குற்றமா? நான்தான் அடிச்சேன்னு சொல்ல எவன் இருக்கான்? பார்த்தவன் உண்டா? கேமரா உண்டா? செத்தவன் எழுந்து வந்து சாட்சி சொல்லப் போறானா?"

"ஹச்!"

பிணம் தும்மியது!

கான்ஸ்டபிள் ஒரே தாவலில் இருபத்திரண்டாம் பெட்டி மேல் ஏறிக்கொண்டார். கிளார்க் இன்ஸ்பெக்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

பிணம் கண்ணைத் திறந்தது. தலையைத் தடவியது. தலைக்கு மேலே பார்த்தது.

"அந்த விசிறியை... யாரு... இவ்வளவு வேகமா வெச்சது? கரண்டுக்குக் காசு யாரு குடுக்கறது?"

சந்தேகமே இல்லை. கத்திரியேதான்! உயிரோடு!

"யோவ், நீ சாகலையா?" இன்ஸ்பெக்டருக்கு மரியாதையெல்லாம் மறந்துவிட்டது. "காத்தே போகாத பெட்டியில முக்கால் மணி நேரம்... எப்படி?"

"சார்!" சித்தப்பா இரண்டு கையையும் தூக்கினார். "அதைத்தானே சார் அப்போல இருந்து சொல்ல வர்றேன்! கதவைச் சுத்தி ரப்பர் பட்டை ஒட்டுவோம். அது இருந்தாத்தான் காத்து போகாது. நேத்து சாயங்காலம் கத்திரி சார் வந்து, ரப்பர் தண்டச் செலவு, நிறுத்துங்கன்னுட்டாரு. இந்த நாப்பத்திரண்டுக்கும் ஒட்டவே இல்ல! விரல் நுழையற இடைவெளி! காத்தும் போகும், போன் சிக்னலும் போகும், மழை பெஞ்சா தண்ணியும் போகும்!"

கத்திரி தட்டுத் தடுமாறி எழுந்து உட்கார்ந்தார். சுற்றிலும் பார்த்தார். மேனேஜரைக் கண்டதும் அவர் விரல் நீண்டது.

"இவன்தான்! பட்டியலைக் காட்டுன்னான். காட்டினேன். படிச்சுட்டுப் பெட்டிக் கைப்பிடியால பின்மண்டையில போட்டான்!"

கத்திரி சட்டைப் பையிலிருந்து பட்டியலின் இன்னொரு பிரதியை எடுத்து நீட்டினார். இன்ஸ்பெக்டர் பிரித்தார். எண்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஒரே ஒரு பேர்தான் இருக்கு," என்றார் இன்ஸ்பெக்டர். "மேனேஜர்!"

"ஒன்றரை மாசமா எல்லாத்தையும் அளந்து பார்த்தேன்," முனகினார் கத்திரி. "டியூப்லைட், டீ, வாட்ச்மேன்... எல்லாம் சில்லறை. இவர் ரூம், இவர் கார், இவர் ஏசி... இவர் ஒருத்தரை எடுத்தா மத்த எண்பது பேரையும் வெச்சுக்கலாம். நானே அசந்து போயிட்டேன்."

பூட்டக்கா தம்பியை இழுத்து அணைத்துக்கொண்டாள். அடுத்த நொடி அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

"இனிமே கேட் மீட்டிங்ல வாயைத் திறப்பியாடா?"

"திறக்க மாட்டேன்க்கா!"

"நாலு சாவி போட்டாலும் திறக்கக் கூடாது!"

அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை.

கத்திரி அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "உங்களாலதான் பிழைச்சேன்மா. ஒரே சாவி மட்டும் இல்லேன்னா... ரப்பர் நிறுத்தலேன்னா... செலவைக் குறைச்சா உயிர் பிழைக்கலாம்னு இனிமே போற கம்பெனியெல்லாம் சொல்லப் போறேன்!"

"அந்த நர்ஸை எடுக்காம இருந்திருந்தா நீங்க அஞ்சு நிமிஷம் முன்னாடியே பிழைச்சிருப்பீங்க சார்," என்றாள் பூட்டக்கா.

கத்திரி தலையைத் தொட்டுப் பார்த்தார். ரத்தம் கையில் ஒட்டியது.

"நாளைக்கே நர்ஸைத் திரும்பக் கூப்பிடுங்க கிளார்க்."

இன்ஸ்பெக்டர் மேனேஜரின் கையில் விலங்கை மாட்டினார். பட்டறை விசிலடித்தது. ஜீப் வரை எண்பது பேரும் கூடவே வந்தார்கள்.

"நடய்யா! லாக்கப்ல போட்டுப் பூட்டினா நீ எப்படி வெளிய வர்றேன்னு பார்க்கறேன்! புத்தம் புதுப் பூட்டு! போன புதன்கிழமைதான் உங்க கம்பெனியில வாங்கி மாட்டினோம்!"

விசில் நின்றது.

எண்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். மேனேஜரின் முகத்தில் காலையிலிருந்து முதல் முறையாக ஒரு நிஜமான சிரிப்பு வந்தது.

பின்னால் இருந்து ஒரு கை உயர்ந்தது.

"சார், ஒண்ணு சொல்லணும்..."

இந்த முறை இன்ஸ்பெக்டர் ஓடிப் போய்ச் சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லுங்க சித்தப்பா! தயவுசெஞ்சு சொல்லுங்க!"

"அவரைப் பேசாம எங்க பதினேழாம் நம்பர் பெட்டியிலயே வெச்சிருங்க சார். ரப்பரை நான் இப்பவே ஒட்டித் தர்றேன்!"