அலாரத்தில் வைத்த குரல்

“நேத்து தலை துவட்டிவிட்டப்ப உன் கை ஏம்மா ஐஸ் மாதிரி இருந்துச்சு?”

மகளுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்த, கல்லூரி விரிவுரையாளரான அம்மா சிரித்துவிட்டாள். எட்டு வயது சிட்டுவுக்குக் கற்பனை ஜாஸ்தி. நேற்று சாயந்திரம் அம்மா எங்கே வீட்டில் இருந்தாள்? பகலெல்லாம் கல்லூரியில் இயற்பியல், இரவு வரை டியூஷன் சென்டரில் அதே இயற்பியல். யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்று சும்மாவா சொன்னார்கள்? அவள் சம்பளம் வாடகைக்கே சரியாய்ப் போனது. வெளியூரில் வேலை பார்க்கும் கணவன் அனுப்புவதும் வாய்க்கும் வயிற்றுக்கும் இழுபறி. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கக் கட்டுப்படியாகவில்லை. அதனால் பழைய போனில் தன் குரலைப் பதிந்து அலாரமாக வைத்திருந்தாள். குளிச்சிட்டுத் தலையைத் துவட்டு. பாலைக் குடி கண்ணு. யார் கூப்பிட்டாலும் கதவைத் திறக்காதே. படித்த மூளையல்லவா! பெருமையாகவும் இருந்தது, உறுத்தவும் செய்தது.

“அது அலாரம்டி, வாலு.”

“அந்த போன்தான் எப்பவோ செத்துப்போச்சே! அப்புறம்தான் நீயே வர ஆரம்பிச்ச.”

அலமாரியிலிருந்து போனை எடுத்தாள். சார்ஜில் போட்டாள். உயிர் வரவில்லை. திரையில் தூசி படிந்திருந்தது.

டியூஷன் முதலாளியைக் கூப்பிட்டு லீவு கேட்டாள். “இன்னிக்கு வரலைன்னா இனி வரவே வேணாம் மேடம்” என்றார். தனியாக இருக்கிற குழந்தை, எதையோ கற்பனை செய்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வேலைக்குப் போனாள். பாவி மனசு, அப்படித்தான் அதைச் சமாதானப்படுத்த முடிந்தது.

சாயந்திர வகுப்பில், கரும்பலகையில் பாதிச் சமன்பாடு எழுதியிருக்கும்போது கை நின்றுவிட்டது. பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். வேலை போனால் போகட்டும்.

மாடிப்படியில் விளக்கு எரியவில்லை. ஈரச்சுவரின் வாடைக்கு நடுவே, தன் வீட்டுச் சோப்பின் வாசனை மேலிருந்து இதமாக இறங்கி வந்தது. அதோடு ஒரு பாட்டும் வந்தது. சிட்டு கைக்குழந்தையாக இருந்தபோது அவள் தானே கட்டிப் பாடிய பாட்டு. அதை அவள் எதிலும் பதியவில்லை. பாடியே வருஷக்கணக்காகிறது. நேரம் ஏது?

பாடுவது அவள் குரல்.

சாவியைப் போட்டாள். பூட்டு திறந்தது. கதவு ஒரு விரல் அளவுக்கு மேல் நகரவில்லை. உள்ளே சங்கிலி.

“சிட்டு! அம்மாடா. திற!”

பாட்டு நின்றது.

“பயப்படாதே கண்ணு” என்றது உள்ளே அவள் குரல். “அம்மா மாதிரியே பேசுவாங்க. திறக்காதே.”

“சரிம்மா.”

அவள் கதவைத் தோளால் இடித்தாள். சங்கிலி அளவுக்கு இடுக்கு விட்டது. அதில் மகளின் முகம். ஈரத் தலை. இத்தனை நிம்மதியாக அந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லை.

“சிட்டு, என்னைப் பாருடா. நான்தான்டா அம்மா.”

குழந்தை பார்த்தது. மரியாதையாக, புது ஆளைப் பார்ப்பதுபோல.

“அம்மா உள்ளதான் இருக்காங்க ஆன்ட்டி.”

அதன் தலைக்கு மேலே, இருட்டிலிருந்து ஒரு துண்டு இறங்கியது. துண்டைப் பிடித்திருந்த கையில், அவள் கையில் இருப்பது போலவே, குக்கர் சுட்ட தழும்பு. அந்தக் கை குழந்தையின் தலையைத் துவட்டத் தொடங்கியது. மெதுவாக. ஒவ்வொரு முடியாக. எந்த அவசரமும் இல்லாமல்.