வெள்ளிக்கிழமை வைக்க வேண்டிய நிலை

"கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி வைக்கிறீங்களா?"

ஜெயந்தினி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். நுவரெலியாவிலிருந்து கந்தப்பளைக்குப் போகும் பஸ். தொங்கிக்கொண்டு போகவேண்டியிருக்கும் என்று நினைத்தவளுக்கு அதிர்ஷ்டவசமாக ஓர் இடம் கிடைத்தது. துரதிர்ஷ்டவசமாக அதற்குப் பக்கத்தில் அவன் இருந்தான். அவன் மடியில் சாக்கில் சுற்றிய ஒரு பொதி... பிள்ளையைப் பிடிப்பதுபோல் இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்திருந்தான்.

சரியாக மூடாத ஜன்னல் வழியே மழை அடித்தது. நனைந்த பொதியிலிருந்து செம்மண் ஒழுகி, அவளுடைய சந்தன நிறச் சுடிதாரில் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஐயோ... மன்னிச்சுக்குங்க மிஸ். பாக்கல."

நிமிர்ந்தான். சண்டைக்கு வந்தவளையே ஒரு நொடி நிறுத்திவைக்கிற கண்கள்... அந்த ஒரு நொடிக்காகவும் சேர்த்து அவளுக்குக் கோபம் வந்தது.

"அதுல என்னாங்க இருக்கு?"

"கல்லு."

"கல்லு அழுவுமா?"

சிரித்துவிட்டான். "மண்ணுல அடிச்ச கல்லு மிஸ். நேத்துதான் அடிச்சோம், டவுன்ல காட்டிட்டுக் கொண்டு வாறேன், இன்னும் காயல. காஞ்சிருச்சுன்னா எந்த மழைக்கும் அசையாது."

"மழையில கரையிற கல்லு... இதுல வீடு வேற கட்டுவீங்களாக்கும்?"

"கட்டிக்கிட்டுத்தான் இருக்கோம்."

"யாருக்கு? உங்க எதிரிக்கா?"

முன் சீட்டுக்காரர்கூடச் சிரித்தார். ஜெயந்தினி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். உதட்டோரம் வந்த சிரிப்பை யாரும் பார்த்துவிடக் கூடாதே!

கொழும்புப் புடவைக் கடையில் லீவு கேட்டு, அது இல்லை என்றதும் சண்டை போட்டு வாங்கிக்கொண்டு வருகிறாள். நாளை வெள்ளிக்கிழமை. அம்மா ராசம்மாவின் புது வீட்டுக்கு நிலை வைக்கிற நாள். வாசல் கதவுக்கான மரச்சட்டத்தை நிறுத்தி, மஞ்சள் பூசி, மாவிலை கட்டி... தோட்டக் கம்பனியின் லயத்து வரிசை அறையிலேயே பிறந்து வளர்ந்த குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு வாசல். அம்மா உடுத்துவதற்கென்று மாம்பழ நிறத்தில் ஒரு சேலை அவளுடைய பைக்குள் இருந்தது.

கந்தப்பளையில் இறங்கினாள். அவனும் இறங்கினான். தோட்டத்து ஏற்றத்தில் ஏறினாள். அவனும் ஏறினான்.

"என்னா, பின்னாடியே வாறீங்க?"

"நீங்கதான் மிஸ் முன்னாடி போறீங்க."

திருப்பிக் கொடுக்க நல்ல பதில் ஒன்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் வளைவு திரும்பியதும் அப்படியே நின்றுவிட்டாள்.

அம்மாவுக்குக் கிடைத்த காணி. அதில் செம்மண் கல் சுவர் இடுப்புயரம் எழும்பியிருந்தது. நடுவில்... நிலை. ஏற்கெனவே வைத்தாகிவிட்டது. மஞ்சள் இல்லை, மாவிலை இல்லை, ஒரு குங்குமப் பொட்டுக்கூட இல்லை.

"யாரு வச்சது?"

அவன் பொதியை மெல்லக் கீழே இறக்கினான். அவன் முகம் மாறியிருந்தது. "நீங்க... ராசம்மா அம்மாவோட மகளா? நான் றிச்சர்ட். பசுமைக் கட்டடத் தொண்டர் குழு. நாங்கதான்... நேத்து வச்சோம்."

"எங்கம்மா இருந்தாங்களா?"

"இல்ல. மலையில தேயிலைக் கொழுந்து எடுத்துக்கிட்டிருந்தாங்க."

அவ்வளவுதான். அவளுக்குள் ஏதோ பற்றிக்கொண்டது.

"இருநூறு வருசமா கம்பனிக்காரன் வச்ச வாசலுக்குள்ளதான் நாங்க குனிஞ்சு போயிட்டு வந்தோம். மொத மொதல்ல எங்களுக்குன்னு ஒரு நிலை. அதையும் வேற யாரோ வச்சிட்டுப் போவீங்களா? வீட்டுக்காரி கொழுந்து எடுக்கப் போன நேரமாப் பாத்தா?"

"மழை வரும்னு..."

"இந்த ஊருல எப்ப மழை வரல? பொய் சொல்லாதீங்க. அதுவும் மண்ணு வீடு! மண்ணுல கெடந்தது போதாதா நாங்க? உங்க வீடு என்னா வீடு சேர்?"

கொஞ்சம் தயங்கினான். "சிமெந்து. அட்டன்ல. அப்பா கட்டினது."

"பாத்தீங்களா!"

இப்போது அவனுக்கும் சுருக்கென்று ஏறியது. "ஆமா, சிமெந்துதான். ஆத்து மணல அள்ளி அள்ளி, மலைய வெட்டி வெட்டிக் கட்டின வீடு. போன மழைக்கு உங்க லயத்துக்குப் பின்னாடி மண்ணு சரிஞ்சுச்சே, ஏன் சரிஞ்சுச்சு? அதே தப்ப இங்கயும் செய்யச் சொல்றீங்களா? சிமெந்து மூட்டைய எல்லாம் இந்த ஏத்தத்துல தலையில சுமக்கப்போறது யாரு மிஸ்? உங்கம்மாதான்!"

"எங்கம்மா மேல உங்களுக்கு அவ்வளவு அக்கறையா? அப்ப அந்த நிலையக் கழட்டுங்க. அவங்க கையால வைக்கட்டும்."

"ஏலாது."

"ஏன்?"

வாய் திறந்தான். மூடிக்கொண்டான். "ஏலாது மிஸ். அவ்வளவுதான்."

திமிர்! இந்தக் கண்களையா பஸ்ஸில் ஒரு நொடி பார்த்துக்கொண்டிருந்தோம் என்று அவளுக்குத் தன்மீதே வெறுப்பாக இருந்தது. விடுவிடுவென்று லயத்துக்கு இறங்கிவிட்டாள்.

ராசம்மா அப்போதுதான் மலையிலிருந்து திரும்பி, ஈரம் படாமல் இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மகள் சேலையை எடுத்து விரித்ததும் ஆசையாகத் தொட்டாள். பிறகு சூடுபட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டாள்.

"இத நீ கட்டிக்கம்மா."

"உங்களுக்குத்தான் வாங்கினேன். அந்தத் திமிர் புடிச்சவன் உங்களுக்குத் தெரியாம நிலை வச்சிருக்கான். நாளைக்கு நான்..."

"தெரியாம இல்ல. நாந்தான் வைக்கச் சொன்னேன்."

ஜெயந்தினிக்குப் புரியவில்லை.

"ஆண்டியப்ப மாமாதான் சொல்லுச்சு, தாலி அறுத்தவ நிலை வைக்கிற எடத்துல நின்னா வீடு வெளங்காதுன்னு. நீ வந்தா என்னைய நிக்கச் சொல்லிச் சண்டை போடுவ. அதான் நான் இல்லாதப்ப வச்சிருங்கன்னு றிச்சர்ட் தம்பிகிட்ட கேட்டேன். அது முடியவே முடியாதுன்னுச்சு. நீங்க நிக்காத வீட்டுக்கு நிலை எதுக்கும்மான்னு கேட்டுச்சு. நான் அழுதுட்டேன்... அதுக்கப்புறந்தான் வச்சுச்சு. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிட்டேன்."

"அப்பா காய்ச்சல்ல செத்தாரு. நீங்களாம்மா கொன்னீங்க?"

ராசம்மா சேலையை மெல்ல மடித்தாள். ஜெயந்தினிக்கு மாமாமீது கோபம். அம்மாமீது கோபம். எல்லாவற்றையும்விட அந்த றிச்சர்ட்மீது. அத்தனை திட்டையும் வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் நின்றானே... என்ன மனிதன்!

விடிந்ததும் தூறலோடு மேலே ஏறினாள். மன்னிப்புக் கேட்க என்று காலுக்குச் சொல்லியிருந்தாள். வாய்க்கு இன்னும் சொல்லவில்லை.

அங்கே றிச்சர்ட் தனியாக நின்று சுவரைப் பிரித்துக்கொண்டிருந்தான். நிலையின் இரண்டு பக்கத்துக் கற்களும் ஒவ்வொன்றாகக் கழன்று வந்தன. ஒன்றுகூட உடையவில்லை. தலைமுடியிலிருந்து மழைத்துளி சொட்டச் சொட்ட அவற்றை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"சிமெந்துன்னா உடைச்சுத்தான் மிஸ் எடுக்கணும்" என்றான், திரும்பிப் பார்க்காமலே. "இது மண் சாந்து. கழட்டிட்டு அதே கல்ல மறுபடி வைக்கலாம்."

"நேத்து ஏலாதுன்னீங்க?"

"ஏன்னு சொல்லத்தான் ஏலாது. நைட்டு பூரா யோசிச்சேன்... செவத்தக் கழட்ட ஏலும்."

"அம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க."

கல்லோடு அப்படியே நின்றான். "அப்ப... கோவம் போயிருச்சா?"

"கூடிருச்சு! எதுக்கு அவ்வளவு திட்டும் வாங்கிக்கிட்டு நின்னீங்க?"

"திட்டுறப்ப உங்க கண்ணு..." என்று தொடங்கியவன் அவசரமாகக் கல்லை அடுக்கினான். "ஒண்ணுமில்ல மிஸ். அந்தப் பக்கக் கல்ல எடுங்க."

எடுத்தாள். நல்ல கனம். விரலெல்லாம் செம்மண். ஏனோ அதைத் துடைக்கத் தோன்றவில்லை.

வெயில் எட்டிப்பார்த்தபோது சனம் கூடிவிட்டது. ஆண்டியப்பன் மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். மகளின் பிடிவாதத்துக்கு இணங்கி, மாம்பழ நிறச் சேலையில் கூனிக் குறுகி வந்த தங்கையைக் கண்டதும் அவர் முகம் சுருங்கியது.

"ராசம்மா, நீ தள்ளி நில்லு. நல்ல காரியம் நடக்கிற எடம்."

ஜெயந்தினி பாய்ந்து வந்தாள். அதற்குள் அம்மாவின் குரல் கேட்டது. நடுங்கிக்கொண்டு, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி.

"அண்ணே, இந்த மண்ண நாந்தான் சலிச்சேன். வேலை விட்டு வந்து, றிச்சர்ட் தம்பி மிஷின்ல இத்தன கல்லையும் நாந்தான் அடிச்சேன். ஒவ்வொரு கல்லுலயும் தாலி அறுத்தவ கைதான் இருக்கு. ஆவாதுன்னா மொத்த வீட்டையும் இடிச்சுப் போடு. நிலைக்கு மட்டும் என்னா?"

மாமா ஓரடி பின்வாங்கினார். றிச்சர்ட் நிலையைத் தூக்கி நிறுத்திப் பிடித்துக்கொண்டான். ராசம்மா மஞ்சளைக் குழைத்து மரத்தில் பூசினாள். மேல்கட்டைக்கு எட்டாமல் எக்கிய அம்மாவை ஜெயந்தினி இடுப்பைப் பிடித்துத் தூக்கினாள். கொஞ்ச நேரம் கழித்து, மாவிலையைக் கட்ட மாமாவே நூல் எடுத்துக் கொடுத்தார்.

சனம் கலைந்ததும் றிச்சர்ட் கை கழுவிக்கொண்டே கேட்டான்.

"மிஸ்... நானும் ஒரு வீடு கட்டணும். மண் வீடுதான். ஆனா வீட்டுக்காரி இல்லாம இனி எந்த நிலையும் வைக்கிறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன்."

அவள் விரலில் காய்ந்திருந்த செம்மண்ணைச் சுரண்டினாள். "அதுக்கு?"

"அதுக்கு... நீங்க வந்தாத்தான் வைப்பேன்."

"நீங்க வேதக்காரங்க. நிலைக்கு மஞ்ச பூச விடுவீங்களா?"

"மேல ஒரு சிலுவை. மிச்சம் பூரா உங்களுக்கு."

"எங்க மாமா சண்டைக்கு வருவாரு."

"அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு அவனை முறைத்தாள். அந்தக் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன... இந்தத் தடவை அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"எனக்கு உங்க மேல இன்னும் கோவம் தீரல, றிச்சர்ட்."

"தெரியும்."

"லேசுல தீராது. எனக்கு உங்கள அவ்வளவு புடிச்சிருக்கு... அதனால ஒழுங்கா பக்கத்துலயே இருங்க."