இரண்டாவது டிஸ்க்

பேய்க்கதை என்றால் ராத்திரியில்தான் நடக்க வேண்டும் என்பார்கள். எனக்கு நடந்ததெல்லாம் பட்டப்பகலில்.

வண்ணார்பேட்டையில் காஜா முகைதீன் பாயின் கம்ப்யூட்டர் கடைக்கு நான் போனது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி. 1999, ஐப்பசி மாதம். வாசலில் மழைத் தண்ணீர் தேங்கி நின்றது. பஸ் சத்தத்தில் பேசுவது பாதி கேட்கவில்லை.

நானும் என் வீட்டுக்காரர் நடராஜும் வீடியோ ஸ்டூடியோ வைத்திருந்தோம். படம் எடுப்பது அவர், வெட்டி ஒட்டுவது நான். கல்யாணமும் எடுப்போம், துஷ்டி வீடும் எடுப்போம். ஆனால் அதில் ஒரு ஒழுங்கு உண்டு. கல்யாண கேசட் வேறு, சாவு கேசட் வேறு. பீரோவில்கூடத் தனித்தனித் தட்டு. கம்ப்யூட்டரில் இருந்த ஒரே டிஸ்கில் ராதாபுரத்துப் பெரியவர் ஒருவரின் சாவுப் படம் கிடந்தது. அவர் மகன் பம்பாயிலிருந்து வந்து பார்க்கும் வரை அதை அழிக்க முடியாது. அது கிடக்கிற இடத்தில் கல்யாணத்தை ஏற்றக்கூடாது என்று இவர் ஒரே பிடியாக நின்றார்.

ஏற்ற வேண்டியதோ என் தங்கை சித்ரலேகாவின் கல்யாணம். அம்மா போன பிறகு அவளுக்குத் தலை சீவிப் பள்ளிக்கூடம் அனுப்பியது நான்தான். அவள் என் உயிர். ஆவணியில் விக்கிரமசிங்கபுரத்தில் கட்டிக் கொடுத்தோம். தலைத்தீபாவளிக்கு வரும்போது கேசட் கையில் இருக்க வேண்டும் என்று அவள் தினமும் போன் போட்டு நச்சரித்தாள்.

பாய் இரண்டு டிஸ்கை மேஜைமேல் வைத்தார். ஒன்று புதிது, நாலு ஜிபி. இன்னொன்று பழையது, ஒன்பது ஜிபி. விலை இரண்டுக்கும் ஒன்றுதான்.

"நல்லாப் பாத்து எடுங்க தங்கச்சி. புதுசுக்கு ஒரு வருசம் கேரண்டி. பழசுக்கு நான் வாய்ச்சொல்லுதான் குடுக்க முடியும்."

"ஓடுதா?"

"ஜோரா ஓடுது. உள்ள ஒண்ணும் கிடையாது, தொடச்சி வச்சிருக்கு."

ஒன்பது ஜிபி என்றால் நாற்பது நிமிஷப் படம். எவ்வளவு கொள்ளும், எவ்வளவு வேகம் சுற்றும், சூடாகுமா என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்டேன். கெட்டிக்காரி என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு நினைப்பு. கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் கேட்கவில்லை.

பழையதை எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை கல்யாணத்தை அதில் ஏற்றினேன். டிஸ்க் சுற்றும்போது ஈரத்துணியும் ஊதுபத்தியும் கலந்த ஒரு வாடை வந்தது. மழைக்கால வாடை என்று நினைத்து ஜன்னலைத் திறந்து வைத்தேன்.

தாலி கட்டி முடிந்து, சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து அட்சதை போடுகிற இடம். இவர் கேமராவைச் சித்ராவின் முகத்துக்குக் கிட்டே கொண்டு போயிருந்தார். மஞ்சள் அரிசி தலையில் விழ விழ அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மேளத்துக்கு அடியில் பைய ஒரு சங்குச் சத்தம் கேட்டது.

அப்புறம் ஓரத்திலிருந்து ஒரு கை வந்தது. ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறியது போல வெளுத்துச் சுருங்கிய கை. அது தலைக்குப் போகவில்லை. நேராக அவள் உதட்டுக்குப் போனது. இரண்டு விரலால் உதட்டை விலக்கி ஒரு அரிசியை வைத்தது.

வாய்க்கரிசி.

படத்தில் இருந்த சித்ரா சிரிப்பை நிறுத்தவே இல்லை.

கேசட்டைத் தனியாக டிவியில் போட்டுப் பார்த்தேன். அங்கே அந்தக் கை இல்லை, சங்கு இல்லை. திரும்பக் கம்ப்யூட்டரில் ஓட்டினேன். இப்போது இரண்டு கை.

இவரைக் கூப்பிட்டு ஓட்டிக் காட்டினேன். மூன்று.

"நான் இப்படி எடுக்கல பிருந்தா" என்றார் இவர். "அன்னைக்கு எந்தக் கையும் அவ வாய்க்குப் போகல."

நிறுத்தியிருக்க வேண்டும். புத்தி கேட்கவில்லை. கண்ணின் கோளாறு, டிஸ்கின் கோளாறு என்று ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு கை கூடியது.

மொத்தம் ஏழு தடவை.

எட்டாவது தடவை, ஏழு கைக்கும் பின்னால் ஒன்று வந்தது. அது ஊறிய கை இல்லை. பச்சைக் கண்ணாடி வளையல். விரலில் அம்மாவின் நெளி மோதிரம்.

என் கை.

கீபோர்டில் ஓங்கித் தட்டினேன். படம் நின்றது. உதட்டுக்கும் என் விரலுக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளிதான்.

அப்போது போன் அடித்தது. சித்ரா.

"அக்கா, ஒரு கூத்து கேளு. இப்பக் கொஞ்சம் கண்ணசந்து எந்திரிச்சா வாய்க்குள்ள அரிசி கெடக்குது. மஞ்ச அரிசி. இங்க அவுக என்னையக் கோழின்னு கேலி பண்ணுதாக."

"எத்தனை அரிசி?"

"இதென்ன கேள்வி. ஏழு இருந்துச்சி."

உடம்பைப் பார்த்துக்கொள் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

டிஸ்கைப் பிடுங்கி ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் பாய் கடைக்கு ஓடினோம். இது யாருடையது என்று கேட்டேன்.

"அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு ஸ்டூடியோக்காரர் வித்தது. துஷ்டி வீட்டுக்குன்னே தனியா வச்சிருந்தாராம். கல்யாணத்துக்குத் தொட்டதே இல்லன்னு சொன்னாரு." பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நீங்க கேக்கலையே தங்கச்சி. சாவுக்குத்தான் தனி டிஸ்கு வாங்குதீகன்னு நான் நெனச்சேன்."

கொக்கிரகுளம் பாலத்தில் நின்று இவர் அதை ஆற்றில் எறிந்தார். தாமிரபரணி செம்மண் நிறத்தில் கரை முட்டப் போய்க்கொண்டிருந்தது. பை ஒரு தடவைகூட மேலே வரவில்லை, அப்படியே உள்ளே போய்விட்டது. என் கை அவள் உதட்டைத் தொடவில்லை, அதற்கு முன்னால் நிறுத்திவிட்டேன் என்று திரும்பத் திரும்ப இவரிடம் சொன்னேன். வீடு வரும் வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது தகவல் வந்தது. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவளுக்குத் திடீரென்று மூச்சு அடைத்துவிட்டது. தொண்டையில் ஒன்றும் சிக்கியிருக்கவில்லை என்று டாக்டர் சொன்னாராம்.

விக்கிரமசிங்கபுரத்து வீட்டில் கூட்டம் நிறைந்திருந்தது. குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க நீர்மாலைக்குப் போனவர்கள் சங்கு முழங்கத் திரும்பி வந்தார்கள். குளிப்பாட்டி, கல்யாணப் பட்டுப் புடவையையே உடுத்தியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் உள்ளூர் ஸ்டூடியோவில் சொல்லி வீடியோவுக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். வேண்டாம் என்று சொல்லக்கூட எனக்குத் திராணி இல்லை.

"பொறந்த வீட்டு அரிசிதான் மொதல்ல விழணும். அக்காக்காரி வாம்மா" என்று யாரோ என்னைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள்.

தட்டில் வெள்ளைப் பச்சரிசி. எடுத்தேன். கையை நீட்டினேன்.

"அக்கா, அப்படியே நில்லுங்க, கையை எடுத்துராதீங்க. லைட்டு போடுதோம்" என்றார் கேமராக்காரர்.

நின்றேன். பச்சை வளையல், நெளி மோதிரம். உதட்டுக்கும் விரலுக்கும் நடுவே ஒரு நூல்.

வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது.

அவளுக்கு முதல் அரிசி போடப்போவது நான்தான். எனக்கு முன்னால் யாரும் போடவில்லை. ஆனால் அவள் உதடு லேசாக விலகியிருந்தது. நடுவில் ஒரே ஒரு அரிசி இருந்தது.

அது மஞ்சளாக இருந்தது.