மாப்பிள்ளையைத் தேடிப் போன மூவர்

“மாப்பிள்ளையக் காணோம்! காட்டுக்குள்ள எங்கயோ விழுந்து கெடக்கார். கண்டுபிடிச்சு, ஒரு கீறல் படாம, பொழுது சாயறதுக்குள்ள இந்த ரோட்டுக்குக் கொண்டு வரணும். ம், கெளம்புங்க!”

பயிற்சி அதிகாரி தவமணி மேடம் விசிலை ஊதினார். ஸ்ட்ரெச்சரையும் கயிற்றையும் கடப்பாரையையும் தூக்கிக்கொண்டு மூன்று பேர் காட்டுக்குள் பாய்ந்தார்கள்.

பதறிவிடாதீர்கள் கண்ணுகளா! மாப்பிள்ளை என்பது மணலும் கந்தல் துணியும் அடைத்த ஆளுயரப் பொம்மை. தீயணைப்பு மீட்புப் பணிக்குப் பயிற்சி எடுக்கிற பிள்ளைகள் அவரை மாடியிலிருந்து கயிறு கட்டி இறக்கியிருக்கிறார்கள். புகை மண்டிய அறையிலிருந்து இழுத்து வந்திருக்கிறார்கள். கிணற்றில் போட்டும் எடுத்திருக்கிறார்கள். அவர் பாட்டுக்கு அசையாமல் கிடப்பார், ஊரே அவரைச் சுற்றி ஓடும். அதனால்தான் அந்தப் பெயர்.

இன்றைக்குக் கடைசித் தேர்வு. விடியற்காலையிலேயே வனக்காவலர் ஒச்சப்பன் மாப்பிள்ளையை ஜீப்பில் ஏற்றிப்போய்க் காட்டுக்குள் ஒளித்துவைத்துவிட்டார். கொண்டுவந்தால் சீருடை. வெறுங்கையோடு வந்தால், அடுத்த தொகுதிப் பிள்ளைகளோடு முதல் நாளிலிருந்து மறுபடியும் ஆரம்பிக்க வேண்டும்.

முன்னால் போனவள் பச்சையம்மாள். செஞ்சிப் பக்கத்துப் பெண். அணிக்கு அவள்தான் தலைவி என்பதால் வரைபடமும் வாக்கிடாக்கியும் அவளிடம் இருந்தன. பொறுப்பு வந்ததும் நடையே மாறிவிட்டிருந்தது. அவளுக்குப் பின்னால் ஜெரோம், தூத்துக்குடிக் கடற்கரைக்காரன். கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போடுவான். கடைசியாக மொக்கராசு, உசிலம்பட்டிக்காரன். நல்ல உயரம், நல்ல பலம், அதைவிட நல்ல பசி.

“பச்ச, பிஸ்கட் பாக்கெட்ட எந்தப் பையில வச்ச?”

“நீ இன்னும் காட்டுக்குள்ளயே வரலடா, அதுக்குள்ள பசியா?”

“பசிக்கு என்ன தெரியும், காடா ரோடான்னு!”

ஒரு வறண்ட ஓடையைத் தாண்டி மேடேறினார்கள். பையன்கள் இருவரும் வழி பார்க்க முன்னால் போயிருந்தபோது வாக்கிடாக்கி திடீரென்று கரகரத்தது. ஒச்சப்பனின் குரல்! பாதிச் சொல் வந்தது, பாதியைக் காற்று தின்றது.

“...மஞ்சப் பொடவு... கால் மாட்டிக்கிருச்சு... தண்ணி ஏறுது... வெரசா...”

தேர்வுக்கு ஏதோ துப்புக் கொடுக்கிறார் என்று பச்சையம்மாளுக்கு ஒரே குஷி. “புரிஞ்சுதுண்ணே!” என்று சொல்லிப் பொத்தானை விட்டாள். அப்புறம் சத்தமே இல்லை.

“என்னவாம்?” என்று ஓடி வந்தான் ஜெரோம்.

“மாப்பிள்ள மஞ்சப் புடவை கட்டிகினு இருக்காராம்! காலு வேற எங்கியோ மாட்டிகிச்சாம். தண்ணிக்குப் பக்கத்துல தேடச் சொல்றாரு.”

“புடவை கட்டுன மாப்பிள்ளையா!” ஜெரோம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “நம்மளக் கொழப்ப மேடம் வேசம் கட்டி விட்டுருக்காவ மக்கா!”

“மாப்பிள்ளைன்னு கூப்புட்டா திரும்பிப் பாக்க மாட்டாரு. மதினின்னு கூப்புடுங்கப்பா!” என்றான் மொக்கராசு.

சிரித்துக்கொண்டே போனார்கள். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. போகட்டும், அவர்களுக்கு எப்படித் தெரியும்?

முள்ளை விலக்கினார்கள். பாறையில் தவழ்ந்தார்கள். ஒரு திருப்பத்தில் காட்டெருமை ஒன்று வழியை அடைத்து நின்றது! மூவரும் மூச்சுவிடாமல் நின்றார்கள். அது இவர்களை ஏற இறங்கப் பார்த்தது, புஸ்ஸென்று மூச்சுவிட்டது, புதருக்குள் போய்விட்டது.

“அதோ மஞ்ச!” என்று கத்தினாள் பச்சையம்மாள்.

தொலைவில் மரங்களுக்கு நடுவே பளீரென்று மஞ்சள் தொங்கியது. விழுந்தடித்து ஓடினார்கள். போய்ப் பார்த்தால் கொன்றை மரம்! உச்சி முதல் அடிவரை பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது.

“மதினி ரொம்ப உசரம்” என்றான் மொக்கராசு. பச்சையம்மாள் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

ஆனால் அந்த மரத்துக்குச் சற்றுத் தள்ளித்தான் அதிர்ஷ்டம் உட்கார்ந்திருந்தது. நாவல் மரத்தடியில், நீலச் சட்டையும் கட்டம் போட்ட கைலியுமாக, தலையில் துண்டோடு, சாட்சாத் மாப்பிள்ளை!

“ஹேய்ய்ய்!” மூவரும் குதித்தார்கள். இப்போது தூக்கினால் பொழுது சாய்வதற்கு முன்பே ரோட்டுக்குப் போய்விடலாம். சீருடை வாங்கியாயிற்று என்றே வைத்துக்கொள்ளுங்கள்! ஜெரோம் ஸ்ட்ரெச்சரை விரித்துவிட்டான்.

பச்சையம்மாளுக்கு மட்டும் என்னவோ உறுத்தியது. புடவை இல்லை. மாப்பிள்ளையின் கால் எதிலும் மாட்டவில்லை, சம்மணம் போட்டு வசதியாகத்தான் இருக்கிறார். சுற்றுவட்டாரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.

“அப்ப எது ஏறுதுன்னு சொன்னாரு?” என்றாள்.

“நீ நெனச்சதச் சொல்லாத. அவரு சொன்னத அப்படியே சொல்லு பாப்போம்” என்றான் ஜெரோம்.

அவள் ஒச்சப்பனின் கட்டைக் குரலையே வரவழைத்துக்கொண்டு சொன்னாள்: “மஞ்சப் பொடவு... கால் மாட்டிக்கிருச்சு... தண்ணி ஏறுது... வெரசா...”

மொக்கராசின் கையிலிருந்த பிஸ்கட் கீழே விழுந்தது. அவன் கையிலிருந்து தின்பண்டம் விழுந்து யாரும் அதுவரை பார்த்ததில்லை.

“பொடவுன்னா சொன்னாரு? ஏய், அவரும் எங்க பக்கந்தான், அங்க புடவைன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாய்ங்க. சேலைம்பாய்ங்க! பொடவுன்னா குகை! பாறைக்குள்ள இருக்குமே, அது!”

காணாமல் போனது மாப்பிள்ளை இல்லை. ஒச்சப்பன்! ஏதோ ஒரு குகைக்குள் கால் சிக்கி, ஏறுகிற தண்ணீரில் கிடக்கிறார். ‘புரிஞ்சுதுண்ணே’ என்று இவள் சொன்னதை நம்பிக் காத்துக்கொண்டிருக்கிறார்!

அழுவதற்கு இது நேரமில்லை. பச்சையம்மாள் வாக்கிடாக்கியை அழுத்தினாள்.

“மேடம், இது பயிற்சி இல்ல. நெஜம். ஒச்சப்பண்ணன் ஆபத்துல இருக்காரு.”

தவமணியின் குரல் சட்டென்று மாறியது. “காதுல விழுந்தத முதல்ல சொல்லு. நீ புரிஞ்சுகிட்டத அப்புறம் சொல்லு.”

சொன்னாள். தன் தவற்றையும் சேர்த்துச் சொன்னாள்.

“திட்டு அப்புறம் வாங்கிக்கலாம்” என்றார் தவமணி. “ஆம்புலன்ஸுக்குச் சொல்லிடறேன். நானும் ஆள்களோட வர்றேன். ஆனா பக்கத்துல இருக்கறது நீங்கதான். தண்ணியில கயிறு இல்லாம ஒரு கால் வைக்கக் கூடாது. உங்கள்ல ஒருத்தர் மாட்டிக்கிட்டா அவரையும் காப்பாத்த முடியாது. புரியுதா?”

“கயிறு இல்லாம தண்ணியில எறங்க மாட்டோம் மேடம்.”

மாப்பிள்ளையை இங்கே விட்டுவிட்டுப் போனால் இன்றைக்குத் திரும்பி வந்து எடுக்க முடியாது. மூவருக்கும் அது தெரியும். மறுபடியும் முதல் நாள், மறுபடியும் மைதானத்தைச் சுற்றி ஓட்டம்! பச்சையம்மாள் பொம்மையின் துண்டைச் சரிசெய்து, “மாமோவ், இங்கயே குந்திகினு இரு” என்றாள். ஸ்ட்ரெச்சரைச் சுருட்டித் தூக்கிக்கொண்டாள்.

குகை எங்கே? வரைபடத்தில் குகை எதுவும் இல்லை. மேட்டின் விளிம்புக்கு ஓடிப்போய்ப் பார்த்தார்கள். கீழே பள்ளத்தில் காட்டாறு. அக்கரையில் செங்குத்துப் பாறை ஒன்று, காய்ந்த பாசி படிந்து மஞ்சள் பூசிய முகம் போல நின்றது. அதன் அடியில் கறுப்பாக ஒரு வாய்.

“மஞ்சப் பொடவு!” என்று அலறினான் மொக்கராசு.

மலை உச்சியில் மேகம் கறுத்து இடி உருண்டது. ஆற்றுத் தண்ணீர் டீத்தண்ணி நிறத்துக்கு மாறியிருந்தது. மேலே கோடை மழை கொட்டுகிறது!

சறுக்கியும் உருண்டும் கரைக்கு வந்தார்கள். பச்சையம்மாள் விசில் ஊதினாள். பாறைக்குள்ளிருந்து ‘டங், டங்’ என்று தகரத்தைத் தட்டும் ஓசை வந்தது. உயிரோடு இருக்கிறார்!

ஜெரோம் கயிற்றை மருத மரத்தில் கட்டினான். மறுநுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு, ஆறு இழுக்க இழுக்கக் கம்பை ஊன்றி அக்கரை சேர்ந்தான். அங்கே ஒரு பாறையில் முடிச்சுப் போட்டு இழுத்துப் பார்த்துவிட்டுக் கையை அசைத்தான். அந்தக் கயிற்றைப் பிடித்து மற்ற இருவரும் கடந்தார்கள். குகை வாசலில் நின்று கயிற்றைக் கவனிப்பது ஜெரோமின் வேலை. பச்சையம்மாளும் மொக்கராசும் குனிந்து உள்ளே நுழைந்தார்கள்.

உள்ளே தொடையளவு தண்ணீர். மூலையில் உட்கார்ந்திருந்த ஒச்சப்பனுக்கு மார்பளவு. கையில் தூக்குவாளி.

“வந்துட்டீகளாத்தா! புரிஞ்சுதுண்ணேன்னு சொல்லிட்டு எங்கத்தா போயிட்ட?”

“புடவையத் தேடப் போயிட்டேண்ணே” என்றாள் பச்சையம்மாள் பரிதாபமாக.

“என்னது?”

“அப்புறம் சொல்றேன். கால் வெரல அசைக்க முடியுதா? மரத்துப் போச்சா?”

“அசையுது. வலிதான் உசுரு போகுது. தயிர்ச்சோறு குளுமையா இருக்கட்டுமேன்னு எப்பவும் இங்கனதான் வைப்பேன். எடுக்க வந்தேன், கல்லு உருண்டுருச்சு. அந்தப் பேசுற கருவியும் தண்ணிக்குள்ள போயிருச்சு.”

மொக்கராசு கல்லைக் கட்டிப்பிடித்துத் தம் பிடித்தான். அசையவில்லை. “இது ஆகாது பச்ச!”

“ஒரேயடியா தூக்காத. பயிற்சியில செஞ்ச மாதிரியே செய்யலாம். நீ கடப்பாரைய வச்சு ஒரு வெரக்கடை தூக்கு, நான் சின்னக் கல்ல வச்சு அடைக்கிறேன்.”

“தூக்குறேன்!”

“அடைச்சிட்டேன்!”

“தூக்குறேன்!”

“அடைச்சிட்டேன்!”

கொஞ்சம் கொஞ்சமாகக் கல் எழும்பியது. தண்ணீரும் விடாமல் எழும்பியது. ஒச்சப்பனின் கழுத்தைத் தொட்டது, தாடையைத் தொட்டது. பச்சையம்மாள் ஒரு கையால் அவர் தலையைத் தாங்கிக்கொண்டு மறுகையால் தண்ணீருக்கடியில் கல்லைத் துழாவினாள்.

“மக்கா, ஆத்துல மரம் மிதந்து வருது! சீக்கிரம்!” வாசலிலிருந்து ஜெரோம் கத்தினான்.

“இன்னும் ஒரே ஒரு தூக்கு, ராசு!”

மொக்கராசு பல்லைக் கடித்துக்கொண்டு கடப்பாரையின் மேல் முழு உடம்பையும் போட்டான். கல் முனகிக்கொண்டு நகர்ந்தது. கால் வெளியே வந்துவிட்டது!

உடனே இழுத்துக்கொண்டு ஓடவில்லை. வாசல் மேட்டுக்குத் தாங்கிக்கொண்டு வந்து, பையிலிருந்த மட்டைப் பலகையை வைத்துக் காலை அசையாமல் கட்டி, ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து, பட்டை இறுக்கினார்கள். ஒரு கட்டைக்கூட விடவில்லை. ஆற்றைத் திரும்பக் கடக்கப் போகவும் இல்லை. ஜெரோம் மிச்சக் கயிற்றோடு ஏறிப்போய் மேலேயிருந்து இழுக்க, குகைக்குப் பக்கத்துச் சரிவில் ஸ்ட்ரெச்சரை ஏற்றினார்கள். அவர்கள் மேலே சேர்ந்ததுமே வெள்ளம் ஹோவென்று வந்து குகை வாயை மூடியது. தூக்குவாளி மட்டும் சுழன்று சுழன்று மிதந்து போனது.

“அய்யோ, ஏந் தயிர்ச்சோறு!” என்று அலறினார் ஒச்சப்பன்.

“எனக்கும் அதுதாண்ணே வருத்தம்” என்றான் மொக்கராசு.

அந்தக் கரையிலேயே பாலம் வரை போகிற மேட்டுப் பாதை வழியாக அவர்கள் ஸ்ட்ரெச்சரைச் சுமந்து வர, தவமணியும் ஆள்களும் எதிரே வந்து கைகொடுத்தார்கள். ரோட்டுக்கு வந்தபோது சூரியன் மறைந்துவிட்டது. ஆம்புலன்ஸ் பெண் காலைத் தொட்டுப் பார்த்தாள். “எலும்பு முறிஞ்சிருக்கு, ஆனா ரத்த ஓட்டம் நல்லா இருக்கு. கட்டு யார் போட்டது? அப்படியே இருக்கட்டும், நான் அவுக்கப் போறதில்ல” என்றாள். மூவருக்கும் அதுவே பதக்கம் குத்திய மாதிரி இருந்தது.

பச்சையம்மாள் மெதுவாகத் தவமணியிடம் போனாள். “மேடம், மாப்பிள்ளையக் கொண்டாரல. பொழுதும் சாஞ்சுடுச்சு. எப்பலேர்ந்து மறுபடியும் மொதல் நாளு?”

“மண்ணு மூட்டையக் கொண்டு வரச் சொன்னேன். நீங்க மனுசனக் கொண்டு வந்துட்டீங்க. இதுக்கு மேல எதத் தேடச் சொல்றது?” என்றார் தவமணி. “தேடுறதுல பாஸ். கயித்துல பாஸ். முதலுதவியில பாஸ். மூணு பேருக்கும் சீருடை உண்டு.”

பையன்கள் போட்ட கூச்சலில் மரத்திலிருந்த கிளிகள் பறந்தன.

“ஆனா வாக்கிடாக்கியில நீ பெயில் பச்சையம்மா. தெளிவா விழலைன்னா திருப்பிக் கேட்டிருக்கணும். திங்கக்கிழமை காலையில என்கிட்ட மறுபடியும் அந்தப் பரீட்சை எழுதணும். அதுல தேறின அப்புறம்தான் உனக்குச் சீருடை.”

“சரிங்க மேடம், புரிஞ்சு...” என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். விறைப்பாக நின்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்: “திங்கக்கிழமை காலையில, வாக்கிடாக்கிப் பரீட்சை, மறுபடியும், உங்ககிட்ட. சரிதானுங்களா மேடம்?”

“சரி” என்றார் தவமணி. முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தப் போகும்போது உள்ளேயிருந்து ஒச்சப்பன் கையை நீட்டினார்.

“ஏத்தா, காதுல விழுகலைன்னா விழுகலைன்னு சொல்றதுல ஒரு கொறையுமில்ல. ஒருதரத்துக்கு மூணுதரம் கேளு! ஏம் பொண்டாட்டிகிட்ட நான் அப்பிடித்தான் இத்தன வருசமாப் பொழப்ப ஓட்டுறேன்!”