நாற்பத்திரண்டாவது சோதனை

ஹென்னா வந்து சேர்ந்தபோது மணி இரண்டே முக்கால்தான். ஆனால் டிசம்பர் மாதத்தில் அந்த வடகோடி ஊரான தம்பெரேயில் அதற்குள் இருட்டத் தொடங்கியிருந்தது. பழைய பருத்தி ஆலையின் நான்காம் மாடியில் அவர்களுடைய அலுவலகம். ஒரு விளக்குகூட எரியவில்லை. எல்லோரும் ஆண்டிறுதி விருந்துக்கு ஏரிக்கரையில் இருக்கும் சானா என்னும் நீராவிக் குளியலறைக்குப் போய்விட்டார்கள். அவளும் போயிருக்க வேண்டியவள்தான். துண்டும் மாற்றுத்துணியும் பைக்குள் மடித்தபடி இருந்தன.

"பத்து நிமிஷ வேலை. அனுப்பிட்டு வந்துடு," என்று யார்க்கோ காலையில் சொல்லியிருந்தான். குழுவுக்கு அவன்தான் தலைவன். அவனுடைய பத்து நிமிஷம் எவ்வளவு நீளும் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் தலையாட்டியதற்கு யாரை நொந்துகொள்வது?

மருத்துவமனை ஒன்றின் பச்சிளங்குழந்தைகள் பிரிவுக்கு அவர்கள் எழுதிய நிரல் அது. செவிலி குழந்தையின் எடையைப் போட்டால் மருந்தின் அளவைச் சொல்லும். புதிய பதிப்பை நான்கு மணிக்குள் அனுப்ப வேண்டும். ஐந்து மணிச் சுற்றில் அதைப் பார்த்துத்தான் மருந்து கொடுப்பார்கள்.

அனுப்புவதற்கு ஒரே ஒரு கணினிதான் உண்டு. அது அவர்களுடைய மூத்த நிரலாளர் ரெய்யோவின் கணினி. மார்ச் மாதம் அதன் முன்னிருந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவர் இறந்துபோனார். இதயம். கணினியை மட்டும் யாரும் அணைக்கவில்லை. அதில் என்னென்ன ஓடுகிறது என்று அவரைத் தவிர எவருக்கும் முழுதாகத் தெரியாது. 'அணைக்காதே' என்று திரையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் சீட்டை ஒட்டிவிட்டு ஒன்பது மாதமாக எல்லோரும் அதைச் சுற்றிப் பூனைபோல் நடந்தார்கள்.

அறைக்குள் அந்த ஊர்க் கடைகளில் விற்கும் தார் மிட்டாயின் வாசனை அடித்தது. ரெய்யோ நாள் முழுக்க அதைத்தான் சப்பிக்கொண்டிருப்பார். நாற்காலியின் துணியில் ஊறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஹென்னா உட்கார்ந்தாள்.

நிரல் எழுதும் எடிட்டரைத் திறந்தாள். அதற்குள் பிளகின் என்னும் ஒரு துணை நிரல் உண்டு. ரெய்யோ தன் கையால் எழுதியது. கோப்பைச் சேமித்ததும், விடை சரியாக வருகிறதா என்று பார்க்கும் எல்லாச் சோதனைகளையும் அதுவே ஓட்டிப் பார்த்து, தேறிய வரிக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளியும் தேறாத வரிக்குச் சிவப்புப் புள்ளியும் வைக்கும். எந்த வரியில் நின்று விசைப்பலகையின் நீளச் சாவியை அழுத்தினாலும் அந்த வரியின் விடையைப் பக்கத்திலேயே சாம்பல் எழுத்தில் காட்டும். எல்லாம் பச்சையானால்தான் அனுப்பும் பொத்தான் விழிக்கும்.

சேமித்தாள்.

'42 சோதனைகள். 1 தேறவில்லை.'

எரிச்சல் சுள்ளென்று ஏறியது. நேற்று மாலை வரை நாற்பத்தொன்று. எல்லாம் பச்சை. அவளே எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். திரையில் விரல் வைத்து மறுபடி எண்ணினாள். நாற்பத்தொன்றுதான் இருந்தது. சிவப்புப் புள்ளி மட்டும் கோப்பின் கடைசியில், ஒன்றுமே எழுதாத வெற்று வரியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

அந்த வரியை அழித்துவிட்டுச் சேமித்தாள். புள்ளி ஒரு வரி மேலே ஏறிக்கொண்டது. கோப்பை மூடித் திறந்தாள். பிளகினை நிறுத்தி மறுபடி ஓடவிட்டாள். வட்டு முழுக்கத் தேடிப் பார்த்தாள். நாற்பத்திரண்டாவது சோதனை எந்தக் கோப்பிலும் இல்லை.

மணி மூன்று பத்து. யார்க்கோவைக் கூப்பிட்டாள்.

"ஏதாவது டெஸ்ட் புதுசா போட்டியா?"

"நான் துண்டைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். நான் எங்க டெஸ்ட் போடறது?" பின்னால் சிரிப்பும் தண்ணீர்ச் சத்தமும் கேட்டன. "என்ன, சிவப்பா?"

"கோப்புலயே இல்லாத ஒண்ணு தேறலைன்னு உயிரை எடுக்குது."

"பழைய குப்பை ஏதாவது மெமரியில நின்னிருக்கும். ரெய்யோ எப்பவோ கையால ஓட்டிட்டு அழிக்காம விட்டிருப்பாரு. கோப்புல அழிச்சாலும் ஓடிக்கிட்டிருக்கற புரோகிராமுக்குள்ள அது இருக்குமில்ல?"

"நேத்து இல்லையே?"

"செத்தும் விட மாட்டேங்கறாரு பாரு." அவன் குரலைக் கனமாக்கிக்கொண்டு ரெய்யோவைப் போலவே இழுத்தான். "இன்னும் இல்லை, இன்னும் இல்லை."

ரெய்யோ எதைக் கேட்டாலும் சொல்லும் பதில் அது. அனுப்பலாமா? இன்னும் இல்லை. முடிந்ததா? இன்னும் இல்லை. அலுவலகமே அதைச் சொல்லிக் காட்டிச் சிரிக்கும். அவர் சிரிக்கமாட்டார். கட்டைவிரலால் நீளச் சாவியைத் தொம்மென்று குத்திவிட்டு மறுபடி ஓட்டுவார்.

"ஸ்கிப் போட்டுட்டு அனுப்பு. சூப் ஆறுது," என்று சொல்லி யார்க்கோ வைத்துவிட்டான்.

தேறாததைத் தாண்டிப் போகச் சொல்லும் கட்டளை ஒன்று பிளகினில் இருந்தது. அவசரத்துக்கு எல்லோரும் செய்கிற காரியம்தான். ரெய்யோ இருந்தவரை அதைத் தொட ஒருவருக்கும் துணிச்சல் வந்ததில்லை. மூன்று முப்பத்தைந்துக்கு ஹென்னா அதைத் தொட்டாள்.

'41 சோதனைகள். எல்லாம் தேறின.'

அனுப்பிவிட்டாள். அப்பாடா என்று எழுந்து கழுத்துக்குட்டையைச் சுற்றிக்கொண்டாள்.

தொம்.

முதுகுக்குப் பின்னால் கேட்டது அந்தச் சத்தம்.

அவள் திரும்பவில்லை. அறைக்குள் தார் வாசனை கூடியிருந்தது. யாரோ இப்போதுதான் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நின்ற அளவுக்குக் கூடியிருந்தது.

தொம்.

திரும்பிப் பார்த்தாள். நாற்காலியில் யாரும் இல்லை. திரையில் கடைசி வெற்று வரிக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி திரும்ப வந்திருந்தது. அதையடுத்துச் சாம்பல் எழுத்தில் ஒரு விடை.

'0,84'

எண்ணைக் கண்டு அவளுக்குப் பயமில்லை. நடுவில் இருந்த காற்புள்ளிதான் பயமுறுத்தியது. அந்த ஊரில் எடை எழுதுகிற எவரும் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளிதான் வைப்பார்கள். நிரல் எழுதுகிறவர்கள் மட்டும் புள்ளி வைப்பார்கள். இந்தக் கணினி இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட எண்ணுக்குள் காற்புள்ளி காட்டியதில்லை. நாற்பத்தொரு சோதனைகளிலும் அவளும் மற்றவர்களும் எழுதியது புள்ளிதான்.

செவிலி புள்ளி வைக்கமாட்டாள்.

ஹென்னா நின்றபடியே ஒரு வரி தட்டினாள். எடை 0,84 என்று கொடுத்து மருந்தின் அளவைக் கேட்டாள். சாவியை அழுத்தினாள்.

விடை வந்தது. மூன்றரைக் கிலோ குழந்தைக்கு உரிய அளவு.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எடையை வாங்கிக்கொள்ளப் போன வாரம் எழுதிய புதிய திரை, காற்புள்ளியைக் கண்டதும் படிப்பதை நிறுத்திக்கொள்கிறது. 0,84 அதற்கு வெறும் சுழியம். சுழியம் வந்தபோதெல்லாம் நிரல் பாதியில் செயலிழந்து நின்றது. வியாழக்கிழமை அந்தத் தொல்லை பொறுக்காமல் ஒரு வரி சேர்த்தாள்: எடை சுழியமென்றால் சராசரியாக மூன்றரை என்று வைத்துக்கொள். ஏன் சுழியம் வருகிறது என்று பார்க்கவில்லை. வாயை அடைத்தால் போதும் என்றிருந்தது. இப்போது ஒரு கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு நான்கு மடங்கு மருந்து போகும்.

அந்த வரியை எழுதியவள் அவள்தான். அனுப்பியவளும் அவள்தான்.

பிரிவுக்குப் போன் போட்டாள். நான்காவது முறை மணி அடித்ததும் தலைமைச் செவிலி சினிக்கா எடுத்தாள்.

"புதுசைப் போட்டுடாதீங்க. தப்பு இருக்கு. தயவுசெஞ்சு பழையதுலயே இருங்க."

"அதான் நாங்க போடலையே."

"போடலையா?"

"உங்க ஆள் பத்து நிமிஷம் முன்னாடி போன் பண்ணாரே. இன்னும் இல்லைன்னு ஒரே வார்த்தை. வச்சுட்டாரு." சினிக்காவின் குரலில் எரிச்சல் இருந்தது. "பேரைச் சொல்லக்கூடாதா? வாயில எதையோ போட்டுக்கிட்டுப் பேசினாரு."

ஹென்னா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். துணி சூடாக இருந்தது.

"உங்ககிட்ட இப்ப இருக்கற ரொம்பச் சின்னக் குழந்தை," என்று மெதுவாகக் கேட்டாள். "எடை எவ்வளவு?"

"பூஜ்யம் கமா எண்பத்தி நாலு. ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான். சரிபண்ணிட்டுச் சொல்றேன்."

வேறு போக்கிடம் இல்லாததால் அந்தச் சூட்டின் மேலேயே உட்கார்ந்தாள். மூன்றரைக் கிலோ வரியைப் பிடுங்கி எறிந்தாள். காற்புள்ளியைச் சரியாகப் படிக்கச் செய்தாள். காற்புள்ளி வைத்த எடைகளைப் பழைய சோதனைகளிலும் நுழைத்தாள். தாண்டிப் போகும் கட்டளையை நீக்கினாள். கோபம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். "முன்னாடியே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம் இல்ல?" என்று காலி அறையில் முணுமுணுத்தாள். அவர் உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான். புள்ளியைக் காட்டுவார், காரணத்தை நீயே தேடு என்று விட்டுவிடுவார்.

நாலே காலுக்குச் சேமித்தாள்.

'42 சோதனைகள். எல்லாம் தேறின.'

வெற்று வரியின் பக்கத்தில் பச்சைப் புள்ளி. அனுப்பும் பொத்தான் விழித்திருந்தது. அதன்மேல் விரலைக் கொண்டுபோனாள்.

தொம்.

இந்த முறை அவள் கண் முன்னாலேயே நீளச் சாவி கீழே இறங்கி மேலே வந்தது.

'43 சோதனைகள். 1 தேறவில்லை.'

பச்சைப் புள்ளிக்குக் கீழே, இன்னொரு வெற்று வரியில், சிவப்பு. அதன் பக்கத்தில் சாம்பல் எழுத்து.

'0,61'

அவள் விரலை எடுத்துக்கொண்டாள். எதைத் தேட வேண்டும், எங்கே தேட வேண்டும், ஒன்றும் தெரியவில்லை. கையில் இருந்த போன் அடித்தது.

"சினிக்கா பேசறேன். எவ்வளவு நேரம் ஆகும்? இங்க இப்பதான் ஒரு பொண்ணு பிறந்திருக்கா, தேதிக்கு மூணரை மாசம் முன்னாடியே." காகிதம் சரசரத்தது. "பூஜ்யம் கமா அறுபத்தி ஒண்ணு. உங்க புரோகிராம் தயாரா?"

ஹென்னா சிவப்புப் புள்ளியைப் பார்த்தாள்.

"இன்னும் இல்லை," என்றாள்.

"சரி சரி, ரெண்டு பேரும் சேர்ந்து சொல்ல வேண்டாம்," என்றாள் சினிக்கா. "ஒருத்தர் சொன்னாலே காதுல விழுது."