ஜிம்மி தூக்கத்தில் ஓடுகிறது

ஜிம்மி தூக்கத்தில் ஓடுவது புதிதல்ல. மதியச் சோறு தின்றுவிட்டுத் தறிக்குப் பக்கத்தில் சாய்ந்தால் நாலு கால்களும் கன்னாபின்னாவென்று உதறும். கனவில் எந்தப் பூனை மாட்டியதோ, வாய்க்குள்ளேயே குரைத்துக்கொள்ளும். அன்று பின்னங்கால்கள் இரண்டு மட்டும் அசைந்தன. இடது, வலது, இடது, வலது. இடதில் ஒரு நொடி தங்கி.

தனசேகரன் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி மணிமேகலை தறி மிதிக்கும்போது அப்படித்தான் இடது காலில் தங்குவாள். அவள் செத்து மூன்று மாதம். அன்றிலிருந்து அவனுக்கு அழுகையும் இல்லை, பசியும் இல்லை. உடம்பு முழுக்க மரத்துப்போன கால் போல இருந்தது. மிச்சம் ஏழு வயது மகள் சங்கீதாதான். அவளுக்கு ஒன்றென்றால் மட்டும் வலிக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

"அப்பா, ஜிம்மி ஓடிகினே தூங்குது பாருப்பா," என்று அவள் போனில் வீடியோ எடுத்துச் சிரித்தாள்.

போன வாரம்தான் தறியில் புதுப் பாவு, அதாவது நீளவாட்டு இழைகள், ஏற்றினார்கள். பாவு பிணைக்க வந்த தனகோடி அக்கா, தறியில் நின்றிருந்த பழைய இழைகளைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டாள்.

"இது மணிமேகல நெய்ஞ்சதாச்சே. செத்தவங்க உட்டுப்போன இழையோட புதுச பிணைக்கக் கூடாதுப்பா. அறுத்து ஆத்துல உட்ரணும்."

"முதல்லேர்ந்து ஒவ்வொரு இழையா கோக்க நாலு நாள் பேஜாருக்கா. பிணைச்சிடுங்க."

பிடி வழுக்காமலிருக்க விரலில் சாம்பலைத் தொட்டுத் தொட்டு, பழைய நுனியையும் புது நுனியையும் இழை இழையாக முறுக்கி முடித்தாள். வைத்த காப்பியைக் குடிக்காமலே போய்விட்டாள்.

அதிலிருந்து ஜிம்மி விழித்திருக்கும்போதும் சரியில்லை. தூக்கம் வராமலே கொட்டாவி விட்டது. மூக்கை நக்கிக்கொண்டே இருந்தது. பிஸ்கட்டைத் தின்னாமல் பாய்க்கடியில் ஒளித்தது. வாசற்படியில் படுத்திருக்கும்போதே திடீரென்று எழுந்து, யாருக்கோ வழிவிடுவது போல ஒதுங்கி நின்றது. சங்கீதாவுக்கு எல்லாமே வேடிக்கை. தனசேகரனும் சிரிக்கப் பார்த்தான். உதடு மட்டும் இழுபட்டது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கரண்ட் போனது. விடியற்காலையிலிருந்து இரைந்துகொண்டிருந்த தெருவின் விசைத்தறிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடங்க, கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்த தனசேகரனின் காதில் அந்த அமைதிக்கு அடியிலிருந்து இன்னொரு சத்தம் விழுந்தது. அவன் வீட்டுக் கைத்தறி.

டக். டக். இடதில் ஒரு நொடி.

ஜிம்மி குரைக்கவில்லை. அதுதான் அவனுக்கு, மூன்று மாதத்தில் முதல்முறையாக, பயமாக இருந்தது.

"சங்கீதா."

ஈரத்துணியைப் போட்டுவிட்டு ஓடினான். உள்ளே இருட்டு. தேங்காயெண்ணெய் வாசனை. சாம்பல் வாசனை.

மகள் தறிப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். தறிக்கடியில் இருந்த கால்குழிக்குள் தொங்கிய கால்கள் மிதிகட்டைகளுக்கு எட்டவில்லை. மிதிகட்டைகள் தானாக ஏறி இறங்கின. குழியோரத்தில் ஜிம்மி. விழித்திருந்தது. குழியைப் பார்த்து வாலை ஆட்டியது.

"அப்பா," என்றாள், திரும்பாமல். "திரும்ப முடியலப்பா. தலைய இழுக்குது."

அவள் முடி முன்பக்கம் வாரப்பட்டு, பாவு வரைக்கும் விறைப்பாக நின்றது. ஒவ்வொரு முடியின் நுனியும் ஒரு பட்டிழையோடு முறுக்கப்பட்டிருந்தது. முறுக்கிய இடமெல்லாம் சாம்பல்.

பாதித் தலை முடிந்திருந்தது.

அடுத்த முடி எழுந்தது. மெல்லச் சுழன்றது.